பதினான்காவது ரேக்

உயர் நீதிமன்றம் பத்தரை மணிக்குக் கூடும், அதற்குள் கையெழுத்து வேண்டும் என்றார் மேலாளர்.

அவர் பதிவறைக்கு நேரில் வந்ததே சாவியக்காவுக்குப் புதிதாக இருந்தது. ஏதாவது தாள் வேண்டுமென்றால் மேலே இருந்து ஆள் அனுப்புவார். இன்று மணி எட்டே முக்கால்தான் ஆகியிருந்தது. அவரே படியிறங்கி வந்து, அவள் மேசைக்கு எதிரே நின்று, கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அது கூரை ஷீட் செய்யும் தொழிற்சாலை. பத்தொன்பது வருடமாக அதன் காகிதங்கள் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. பதிவறைச் சாவியைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிவதால் சாவியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது போனில் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வாசல் காவலாளி வைத்துவிடுவார்.

மேலாளர் நீட்டிய தாளை அவள் இரண்டு முறை படித்தாள். தண்ணீர்க் குழாய் உடைந்து நனைந்து போனதால் வெட்டும் பிரிவின் தூசி அளவுப் பதிவேடுகள் நாற்பத்தொன்றும் அழிக்கப்பட்டன என்று அதில் இருந்தது. கீழே மேலாளரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் பதிவறைப் பொறுப்பாளருக்கு இடம் விட்டிருந்தது. தேதி மட்டும் மூன்று மாதத்துக்கு முந்தியது.

"சார், குழாய் உடைஞ்சது வாஸ்தவம்தான். ஆனா நனைஞ்சது நாலாவது ரேக். கேன்டீன் சீட்டுங்க. இது பதினாலாவது ரேக்ல காய்ஞ்சு மொறுமொறுன்னு இருக்கு."

"அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரிய வேண்டாம்னுதான் கேக்குறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சரக்கு ஏற்றும் மேடையில் ஒரு வேன் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் அதில் சாய்ந்து நின்றார்கள். காகிதக் கூழ் ஆலையின் வண்டி அது. வருடம் ஒருமுறை பழைய காகிதம் எடுக்க வரும். இது அதற்கான மாதம் இல்லை.

வழக்கு அவளுக்குத் தெரியும். தொழிற்சாலையில் யாருக்குத்தான் தெரியாது? வெட்டும் பிரிவில் பறக்கிற தூசியின் அளவைக் கம்பெனி தொழிலாளர்களிடம் மறைத்துவிட்டது என்று மாநில அரசு வழக்குப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. பதிவேடுகளைக் கொண்டுவந்து கொடு என்று கீழ்க்கோர்ட்டு சொல்லிவிட்டது. எங்கள் உள்காரியத்தைக் கேட்க அரசுக்கு அதிகாரம் கிடையாது என்று கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது. அந்த மேல்முறையீட்டை விசாரிப்பதா வேண்டாமா என்று நீதிபதிகள் சொல்கிற வரைக்கும் கீழ்க்கோர்ட்டு உத்தரவுக்குத் தடை இருந்தது. அதை இன்றைக்குச் சொல்லப் போகிறார்கள்.

"அப்பீலை எடுத்துக்குவாங்கன்னு நீங்கதானே சார் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"நேத்து சாயங்காலம் வக்கீல் பேசினார். அவர் குரலே சரியில்ல." மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடுத்துக்கிட்டா நல்லது. எடுத்துக்கலைன்னா அந்த நிமிஷத்துலேர்ந்து ஒரு தாள் காணாமப் போனாலும் ஜெயில்தான். இப்ப வரைக்கும் தடை இருக்கு. தலைமை ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நான் வெறும் அம்பும்மா."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் மகள் பிறந்தபோது அவருக்குக் கை நடுங்குகிறது என்று விடுப்புக் கடிதத்தை இவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

"என் அண்ணன் வெட்டும் பிரிவுல பதினெட்டு வருஷம் இருந்தாரு சார்."

"தெரியும்மா. அவர் சொல்லித்தானே உங்களையே எடுத்தாங்க." அவர் கைக்குட்டையை மடித்தார், விரித்தார்.

அண்ணன் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். தெருவிலிருந்து வீட்டுக்கு ஏற நான்கே நான்கு படி. ஐம்பத்து நான்கு வயதில் அண்ணன் இரண்டாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதியை ஏறுவான். நெஞ்சுக்குள் பழைய ரம்பம் ஓடுவதுபோல் ஒரு சத்தம் வரும். காலையில் அவள் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்து, "இன்னைக்குத்தானே கோர்ட்டு?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. "அவள எதுக்கு உசுப்புற? எனக்கு வேலை போனது போதும். அவ வேலையும் போயிட்டா அடுப்புல என்னத்த எரிப்ப?"

மணி ஒன்பது ஐந்து.

"எண்ணிப் பாத்துட்டு வரேன் சார். எண்ணாம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல" என்றாள்.

மேலாளரின் முகம் தெளிந்தது. "சீக்கிரம் வாங்க."

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பதிவறையைத் திறந்தாள். முன்பு ரசாயனக் கிடங்காக இருந்த அறை அது. உள்ளங்கை கனத்துக்கு இரும்புக் கதவு. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். உள்தாழ்ப்பாள் அவள் கைக்கு நேராக இருந்தது. அந்த நொடி வரைக்கும் அவள் ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. எண்ணிவிட்டுத் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாளோ என்னவோ, பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்கே அது விளங்கவில்லை. தாழ்ப்பாள் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. தன் கைதான் அதைத் தள்ளியது என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிறகு கதவைத் தட்டினார்கள்.

"அம்மா? கதவு மாட்டிக்கிச்சா?"

அவள் பதினான்காவது ரேக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கைப்பேசி வெளியே மேசையில் கிடந்தது. உள்ளே இருந்தது சுவரில் மாட்டிய இன்டர்காம் ஒன்றுதான். அதில் மேலாளர் அறைக்கும் வாசலுக்கும் பேசலாம். வெளியுலகத்துக்குப் பேச முடியாது.

இன்டர்காம் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"கோர்ட்டு சொல்றத கேட்டுட்டுத் திறக்குறேன் சார்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மாட்டினாள்.

கதவு அதிர்ந்தது. மேலாளர் முதலில் கெஞ்சினார். "உங்களுக்கு ஒரு கெடுதலும் வராம நான் பாத்துக்குறேன்." பிறகு வேறொரு குரல், தலைமை ஆபீஸிலிருந்து வந்த யாரோ, இது திருட்டு என்றும் போலீசைக் கூப்பிடுவோம் என்றும் கத்தினார். கூப்பிடட்டும் என்று அவள் நினைத்தாள். கூப்பிட மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. போலீஸ் வந்தால் முதலில் வேனைப் பற்றித்தானே கேட்பார்கள்?

கை சும்மா இருக்கவில்லை. எண்ண வந்தவள் எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தொன்று சரியாக இருந்தது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் வருடமும் மாதமும் எழுதி, ஒவ்வொன்றையும் அடுக்கியது அவள்தான். ஆனால் ஒன்றைக்கூட அவள் இதுவரை படித்ததில்லை. பதிவேடு வரும், பக்கம் எண்ணுவாள், கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்துவாள், அடுக்குவாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவள் வேலை இல்லை.

நடுவில் இருந்த ஒன்றை உருவித் திறந்தாள்.

தேதி, மேசை எண், வேலை செய்தவர் பெயர், காற்றில் இருந்த தூசி. கட்டம் கட்டமாக இருந்தது. பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது: அனுமதிக்கப்பட்ட அளவு 2. அவள் விரலை மேலே நகர்த்தினாள். 19. 23. 17. 21. அடுத்த பக்கம் 22. அடுத்த பக்கம் 26. ஆறாம் எண் மேசைக்கு எதிரே அண்ணனின் பெயர். ஒரு மாதம் குறிப்பு என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: முகமூடி கேட்டார். கையிருப்பு இல்லை. இரண்டு மாதம் தள்ளி மறுபடியும்: முகமூடி கேட்டார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஊதா மையில் முத்திரை. "பெறப்பட்டது, பதிவறை." அதன் மேல் அவளுடைய சுருக்கக் கையெழுத்து, அழகாக, சாய்வாக. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இருந்தது. நாற்பத்தொன்றிலும் இருந்தது.

கதவை இடிப்பது காதில் விழவில்லை. அண்ணன் எத்தனை நாள் மாலையில் முடியெல்லாம் சாம்பல் பூத்து வீட்டுக்கு வந்திருக்கிறான்! "என்னண்ணா, அதுக்குள்ள கிழவனாயிட்டியா?" என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அந்த நாட்களின் எண்ணெல்லாம் பதிவேட்டோடு அவள் கைக்கு வந்திருக்கிறது. அதன் மேல் முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள்.

மணி பத்தே முக்காலுக்கு இன்டர்காம் அடித்தது. மேலாளரின் குரல் இந்த முறை இலகுவாக, சிரிப்புக் கலந்து வந்தது.

"அம்மா, கோர்ட்டு நம்ம அப்பீலை எடுத்துக்கிச்சு. தடை தொடருது. ஒரு பிரச்சினையும் இல்ல. வெளிய வாங்க, எல்லாத்தையும் மறந்துடுவோம்."

அப்படியானால் இத்தனையும் வீண். கதவைத் திறந்து வெளியே போனால் அவளை யார் காப்பாற்றுவார்கள்? எழுந்து நின்றாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கை நின்றது.

திரும்பி வந்து ரிசீவரை எடுத்தாள். "சார், எடுத்துக்கிட்டாங்கன்னா பதிவேட்ட யாரும் கேக்கப் போறதில்ல. அப்புறம் வேன் எதுக்கு? முதல்ல அதைப் போகச் சொல்லுங்க. சத்தம் எனக்கு இங்க கேக்கும். அப்புறம் திறக்குறேன்."

மறுமுனையில் மேலாளர் ரிசீவரை வைத்துவிட்டார்.

அவள் மேலே இருந்த காற்றுத் துவாரத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வேன் கிளம்பவில்லை.

அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. நடைபாதையில் இரும்புச் சக்கரங்கள் உருண்டு வந்தன. அந்தச் சத்தத்தைத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். கேஸ் கட்டர் வண்டி. கீலை அறுத்தால் கதவு ஐந்து நிமிடம் தாங்காது.

"கீல் ரெண்டையும் எடுத்துடு. வேகமா" என்றது தலைமை ஆபீஸ் குரல்.

"உள்ள ஆள் இருக்கா சார்?" இது பட்டறை வெல்டர். நாற்பது வயது ஆள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பட்டறைக்கு மாறுவதற்கு முன் அவரும் மூன்று வருடம் வெட்டும் பிரிவில் இருந்தவர்.

"நீ வேலையப் பாரு."

"இல்ல சார், உள்ள முழுக்கக் காகிதம். பொறி பட்டுச்சுன்னா அக்காவோட சேர்த்து எல்லாம் போயிடும்."

"போனா என்ன?" என்று அந்தக் குரல் சொன்னது.

சாவியக்கா பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள். தீ என்ற நினைப்பு இதுவரை அவளுக்கு வரவில்லை. தாழ்ப்பாளைத் திறந்துவிடலாமா? நான்கு எட்டு வைத்தால் கதவு. குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. லைட்டர் சொடுக்கும் சத்தம். ஒரு முறை. இரண்டு முறை. ஏழெட்டு முறை.

"சிலிண்டர் காலி சார்" என்றார் வெல்டர்.

"என்னய்யா விளையாடுறியா?"

"நான் என்ன சார் பண்றது? மாத்தித் தரச் சொல்லி ரெண்டு வாரமா எழுதிக் கொடுத்துக்கிட்டிருக்கேன். யாரும் கையெழுத்துப் போடல. வேணும்னா மூக்க வச்சு மோந்து பாருங்க."

"வேற சிலிண்டர்?"

"ஸ்டோர்ல இருக்கும். ஸ்டோர்காரன் டீ குடிக்கப் போயிருக்கான். அவன் போனா எப்ப வருவான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது."

காலடிகள் வேகமாக விலகின. வண்டியைத் திருப்புவது போலச் சத்தம் எழுப்பிக்கொண்டே வெல்டர் கதவோடு வாயை ஒட்டினார்.

"அக்கா, காதுல விழுதா? கோர்ட்டு தள்ளிடுச்சு. விசாரிக்கவே மாட்டோம்னுட்டாங்க. பட்டறையில எல்லார் போன்லயும் ஓடுது. கவர்மென்ட் ஆளுங்க கிளம்பிட்டாங்களாம். செத்தாலும் திறக்காதீங்க." ஒரு நொடி நின்று, "சாகல்லாம் மாட்டீங்க. சிலிண்டர் நெறைய இருக்கு, நான்தான் வால்வைத் திறக்கல" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் போனது. அது எப்படிப் போனது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டோர்காரர் வந்துவிட்டாரா, அடுத்த சிலிண்டர் வருகிறதா என்று ஒவ்வொரு காலடிக்கும் உயிர் போய் வந்தது. தலைமை ஆபீஸ் ஆள் அதற்குள் காரில் ஏறிப் போய்விட்டது அப்போது அவளுக்குத் தெரியாது. வேன் கிளம்பிப் போன சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்றரை மணிக்கு ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "தொழிலாளர் துறை அதிகாரி. கதவைத் திறங்க."

"உத்தரவக் கீழ தள்ளுங்க" என்றாள் சாவியக்கா. இன்றைக்கு எந்தக் குரலையும் நம்புவதாக இல்லை.

கதவுக்கடியில் ஒரு தாள் நழுவி வந்தது. முத்திரை, எண், தேதி எல்லாவற்றையும் பழக்கதோஷத்தில் சரிபார்த்தாள். இரண்டு வருட வழக்குக்கு நீதிபதிகள் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்தான்: "இந்த மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்க முகாந்திரம் இல்லை." அதைப் படித்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

நாற்பத்தொரு பதிவேடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, அதிகாரியின் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. மேலாளர் அதுவரைக்கும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கடைசிப் பதிவேடு பெட்டிக்குள் போனதும் அவள் அருகில் வந்தார்.

"அந்தத் தாளைக் கொடுத்துடும்மா" என்றார். அவள் மட்டும் கேட்கிற குரலில். "அதுல என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு. என் பொண்ணுக்கு இந்த வருஷம் படிப்பு முடியுது."

தாள் அவள் கையில்தான் இருந்தது, நான்காக மடித்தபடி. அவர் கண்கள் கலங்கியிருந்தன. தப்பித்துப் போன தலைமை ஆபீஸ் ஆள் காரில் எங்கோ போய்க்கொண்டிருப்பான், மாட்டப்போவது இந்த மனிதர் என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே இருக்கிறவர்கள் சொல்வதைச் செய்தவர்தான் அவர். இவளும்தான் பத்தொன்பது வருடமாகச் செய்தாள்.

"மன்னிச்சுடுங்க சார்" என்றாள். தாளைப் பிரித்து அதிகாரியின் முன் வைத்தாள். "இதையும் எழுதிக்குங்க. நாப்பத்திரெண்டு."

மாலையில் வீட்டுக்குப் போனபோது அண்ணன் இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தான். அண்ணி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். செய்தி எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. "பைத்தியக்காரி, உள்ளயே வெந்து போயிருப்பியே" என்று அண்ணன் திட்டினான். திட்டும்போதே முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

அந்தப் பெருமையைத் தாங்க முடியாமல் அவள் சொல்லிவிட்டாள். எண்கள். ஆறாம் எண் மேசை. முகமூடி. ஊதா முத்திரை.

அண்ணன் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எல்லாத்துலயும் உன் கையெழுத்தா?"

"எல்லாத்துலயும்."

அவன் எழுந்து, அண்ணி நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, மீதி இரண்டு படியும் ஏறி உள்ளே போனான். அதன் பிறகு ஒன்பது நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒன்பது நாளில் வெட்டும் பிரிவுக்கு அரசு சீல் வைத்தது. அவளுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. மேலாளரைக் கைது செய்தார்கள். வெல்டரைத் தூரத்துக் கிளைக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, சங்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்தாவது நாள் அண்ணன் கீழேயிருந்து கூப்பிட்டான்.

"முகமூடி கேட்டேன்னு எழுதியிருந்துச்சுன்னு சொன்னியே. யாரு எழுதினது?"

"அளவெடுக்க வந்தவரா இருக்கும். பென்சில்ல எழுதியிருந்தாரு."

"ஒல்லியா ஒருத்தன் வருவான். கண்ணாடி போட்டுக்கிட்டு." அண்ணன் இருமி முடித்தான். "அவனாவது எழுதி வச்சான்" என்றான். அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்றுதான் அவனும் சொன்னான்.

விசாரணை எட்டு மாதம் கழித்து வந்தது. கம்பெனி வக்கீல் அவளைக் கூண்டில் நிறுத்தி ஒரு பதிவேட்டைக் கையில் கொடுத்தார். "இந்த முத்திரை உங்களோடதுதானே? அப்ப இத்தனை வருஷமா இந்த எண்ணெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க. இல்லையா?"

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

"தெரியாது" என்றாள். "நான் படிக்கல. படிச்சிருக்கணும். என் அண்ணன் பேர் இதுல இருக்கு. படிக்காம முத்திரை குத்தினேன். அது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்க. ஆனா இதுல இருக்குற எண்ணு நெசம். அதை எழுதினவங்களுக்கும், எழுதச் சொல்லிட்டு மூடி வச்சவங்களுக்கும் அது தெரியும்."

வக்கீல் பதிவேட்டை வாங்கி மூடிவிட்டு உட்கார்ந்தார்.

அவள் இறங்கி வந்தாள். பின்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அடுத்த சாட்சி அவன்தான். பெயரைக் கூப்பிட்டதும் முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்து எழ முயன்று, மூச்சு முட்டி நின்றான். அண்ணி அன்றைக்கு வரவில்லை. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தங்கையின் பக்கம் கையை நீட்டினான். அவள் அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, கூண்டுவரை மெல்ல நடந்தாள்.